பெட்டியின் அடிவயிறு

இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். மேலே கண்ணாடிக் கூண்டில் நான். கீழே மஞ்சள் கோட்டருகே நின்று கையசைத்து சிக்னல் காட்டுபவர் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்பே அவர் கை சொன்னபடி கேட்டவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு, வேலை நேரத்தில் மட்டும்.

போன மாதம் தலைசுற்றல் வந்தது. காதுக்குள் ஏதோ கோளாறாம். இனி மேலே ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கிரேன் ஓட்டவில்லை என்றால் நான் யார்?

"கீழ சிக்னல் வேலை இருக்கு, வா," என்றார் அவர்.

"ஒருநாள் வர்றேன். சரிப்படலன்னா வீட்டோட இருந்துடுவேன்."

மறுநாள் மஞ்சள் கோட்டருகே நான் நின்றேன். கப்பலிலிருந்து முதல் கன்டெய்னர் பெட்டி எழும்பி வந்தது. 'இறக்கு' என்று காட்ட வேண்டிய என் கை, பழக்கதோஷத்தில், இல்லாத லீவரைப் பிடித்து இழுத்தது. பெட்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

வாக்கிடாக்கியில் புது டிரைவர் கேட்டான்: "அக்கா, இது சிக்னலா, இல்ல துணி பிழியுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும்தான்.

"போதும்ங்க. நாளையிலேர்ந்து நான் வரல."

"வராத. ஆனா மேல முப்பது டன் தொங்குது. அதை இறக்கி வச்சுட்டு கோச்சுக்கோ."

நிமிர்ந்தேன். இத்தனை வருடமும் பெட்டிகளின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அடிவயிறு தெரிந்தது. துருப்பிடித்த விட்டங்கள், ஓரத்தில் சொட்டும் கடல்நீர். வீடு போன்ற இரும்பு நாலு கம்பியில், மேகத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

கூண்டிலிருந்து கீழே பார்த்தவள் யார்? இங்கிருந்து மேலே பார்ப்பவள் யார்? ஒருத்திதான். பிள்ளை பெற்றபோது மல்லாந்து கிடந்து பிரசவ அறையின் விளக்கை வெறித்தவளும் இவள்தான். கூண்டு போயிருந்தது, இவள் எங்கும் போகவில்லை. தலை சுற்றியதுகூடக் காதுக்குத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆடவே இல்லை. இவ்வளவு நாள் என்னோடேயே இருந்தவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது போல் மெய்சிலிர்த்தது.

கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி மெல்ல வட்டமிட்டது. பெட்டி அதன் பின்னாலேயே இறங்கி, லாரி மேல் பூப்போல உட்கார்ந்தது.

"அப்போ நாளைக்கு?" என்றார் இவர்.

"கொஞ்சம் பேசாம இருங்க. அடுத்த பெட்டி வருது."