திருத்திய சுரம்

மிருணாளினி அந்த நான்கு நிமிடங்களைத் திருடும் எண்ணத்தோடு எடுக்கவில்லை. ரெக்கோடர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் தேநீர் போடக் குசினிக்குப் போயிருந்தாள். கேத்தலின் இரைச்சலுக்கு மேலாக முன்னறையிலிருந்து ஏதோ கேட்டது. இரண்டு கோப்பைகளோடு அவள் திரும்பி வந்தபோது ஹஸ்மிக் வாசித்து முடித்து, சீவாளியைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

இருவரும் சிட்னியின் பிளாக்டவுன் பகுதியில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் வேலை செய்பவர்கள். மிருணாளினி யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் சிட்னிக்கு வந்தவள். ஹஸ்மிக் எட்டு வருடங்களுக்கு முன்னர் ஆர்மீனியாவிலிருந்து வந்தவள். ஏறக்குறைய ஒரே வயது. அவர்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹஸ்மிக் கைப்பையிலிருந்து ஒரு சிறிய மரக்குழலை எடுத்து மேசையில் வைத்தாள். ஆப்ரிகொட் மரத்தில் செய்தது. குழல் சின்னதாக இருந்தாலும் சீவாளி மட்டும் தட்டையாக, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. பெயர் டுடுக் என்றாள். அதை வழக்கமாக இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பார்களாம். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாராம்.

“எனக்கு அந்த இரண்டாவது ஆள் இப்போது இல்லை” என்றாள் ஹஸ்மிக்.

நாதஸ்வரத்துக்கு ஒத்துப் பிடிப்பதுபோல என்று மிருணாளினி நினைத்துக்கொண்டாள். அவள் கிட்டார் வாசிப்பவள். பாட்டுக்கு வாசிப்பவள் அல்ல. ஒற்றைத் தந்தியை மீட்டி, காலடியில் இருக்கும் பெடல்களால் அதை நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு அறை முழுவதும் மெதுவாக நிரம்பும்படி செய்வாள். “நான் பிடிக்கிறேன்” என்றாள்.

அப்படித்தான் சனிக்கிழமைகளில் ஹஸ்மிக் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மிருணாளினியின் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். ஐந்து மாதங்களில் நாலு உருப்படிகள் சேர்ந்தன. மரிக்வில்லில் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில், ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் வாசிக்க நாளும் குறித்தார்கள்.

கேத்தல் இரைந்த அந்தச் சனிக்கிழமை, நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முந்தியது. அதற்கடுத்த நாள் மிருணாளினி ஒலிப்பதிவைத் தனியாக இருந்து கேட்டாள். தனக்குத் தெரியாமல் பதிவாகியிருந்த அந்த நான்கு நிமிடங்கள், தாங்கள் சேர்ந்து வாசித்த எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன. அதைச் சுற்றிக் கிட்டாரை மெல்லப் படரவிட்டாள். ஒரே ஓர் இடம் மட்டும் ஒட்டவில்லை. மெட்டு கீழே இறங்கி வரும்போது ஒரு சுரம் கிட்டாரின் இரண்டு ஃப்ரெட்டுக் கட்டைகளுக்கு நடுவில் விழுந்தது. தனியாகக் கேட்டால் அழகு. கிட்டாரோடு சேரும்போது பிழைபோலக் கேட்டது. கணினியில் அந்தச் சுரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள். இரண்டு நிமிட வேலை. பிறகு ‘மெல்லிய மழை’ என்று ஒரு பெயர் வைத்து, இணையத்தில் தன் பக்கத்தில் ஏற்றினாள். ஹஸ்மிக்கின் பெயரைப் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்றிருந்தாள்.

வியாழக்கிழமை யாரோ அதை நித்திரைக்கான பாடல் பட்டியல் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் அதை அறுபதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். மிருணாளினி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தபடி, ஹஸ்மிக்குக்குக் காட்டுவதற்காகத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஹஸ்மிக் உள்ளே வந்ததும் கதிரையில் உட்காராமல் கேட்டாள். “போன கிழமை நீ தேநீர் போடும்போது நான் வாசித்தது உனக்குக் கேட்டதா?”

“கொஞ்சம்.”

“மன்னித்துக்கொள். அது தீக்ரானின் பிறந்த நாள். என் தம்பி. நான் சொல்வேனே, இரண்டாவது ஆள், அவன்தான். எங்கள் நாட்டில் 2020இல் நடந்த சண்டையில் போய்விட்டான். வருடத்தில் ஒருநாள் மட்டும் அதை வாசிப்பேன். அம்மாவுக்கு முன்னால்கூட வாசித்ததில்லை. கேத்தல் சத்தத்தில் உனக்குக் கேட்காது என்று நினைத்தேன்.”

மிருணாளினி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் விரல்கள் தந்தியில் நிற்கவில்லை. “உனக்குச் சுகமில்லையா?” என்று ஹஸ்மிக் இரண்டு தரம் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், வேலைக்குப் போகும் ரயிலில், நோயாளியின் தோளைத் திருப்பி வைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரும் இடைவெளியில், எப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு இலட்சம். ஒன்றரை இலட்சம். தன் குழந்தை இதைக் கேட்டால்தான் கண் மூடுகிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அழிப்பதற்கான பொத்தானுக்கு மேலே விரலை வைப்பாள், எடுப்பாள். அழித்துவிட்டால் ஹஸ்மிக்குக்குத் தெரியவே வராது என்று ஒரு மனம் சொன்னது. வேறு ஆட்கள் ஏற்கெனவே பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். எப்படியும் தெரியவரும் என்று மறு மனம் சொன்னது. இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த எண்ணிக்கை ஏறுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

இரண்டாம் வாரம் கணவன் சிறியிடம் சொன்னாள். அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, மடித்த சட்டையை மறுபடி விரித்தான்.

“இஞ்சேரும், எங்கட செத்தவீட்டில அம்மா ஒப்பாரி வைக்கேக்க ஆராவது ரெக்கோட் பண்ணி, ஆக்கள் நித்திரை கொள்ளட்டும் எண்டு போட்டா உமக்கு எப்பிடி இருக்கும்?”

“எனக்குத் தெரியாதப்பா அது அப்பிடி ஒண்டெண்டு. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பனோ?”

“போடேக்க தெரியாது. சரி. இப்ப தெரியும்தானே?”

மிருணாளினி இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள்.

“நிகழ்ச்சி முடியட்டும், பிறகு சொல்லுறன்” என்றாள் கடைசியில்.

“அது அவவுக்காகச் சொல்லுறீரோ, உமக்காகச் சொல்லுறீரோ?” என்று கேட்டுவிட்டு அவன் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனான்.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போகிறவர்கள் பயப்படாமல் இருக்க, காதில் ஹெட்ஃபோன் மாட்டி ஏதாவது அமைதியான இசை போடுவது அங்கே வழக்கம். நோயாளி கேட்பது கட்டுப்பாட்டு அறையிலும் சின்னச் சத்தத்தில் கேட்கும். அன்றைக்கு அந்த அறையில் ஹஸ்மிக் வேலை. ஒரு ஃபைலைக் கொடுக்க மிருணாளினி உள்ளே போனாள். ஹஸ்மிக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு வயதான அம்மாவைப் படுக்கையில் சரியாகக் கிடத்திக்கொண்டிருந்தாள். அறையின் ஒலிபெருக்கியில் ஒரு பியானோ முடிந்தது. அடுத்ததாக, தன் கிட்டாரின் முதல் தந்தி நீண்டு எழுவதை மிருணாளினி கேட்டாள்.

டுடுக் தொடங்க இன்னும் இருபது விநாடிகள் இருந்தன. ஹஸ்மிக் கதவை நோக்கி நடந்து வந்தாள். மிருணாளினி மேசைக்கு மேலாக எட்டி, இசையை நிறுத்தினாள். கை தட்டுப்பட்டு ஒரு கோப்பைத் தண்ணீர் தரையில் கொட்டியது.

“ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்டாள் ஹஸ்மிக். “அந்த அம்மா இசை வேண்டும் என்று கேட்டார்.”

“வேறு ஒன்று போடுகிறேன்.”

ஹஸ்மிக் தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். கதிரையில் உட்கார்ந்து ஸ்கேனைத் தொடங்கினாள். மிருணாளினி முழங்காலில் நின்று, காகிதத்தால் தரையைத் துடைத்தாள். இனி இன்னொரு நாள் இப்படி இருக்க முடியாது என்று அப்போது முடிவெடுத்தாள்.

அன்று மதியம் கார் நிறுத்துமிடத்தில், தன் காருக்குள் ஹஸ்மிக்கை இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணிக்கையையும் சொன்னாள், அது தனக்குப் பிடித்திருந்ததையும் சொன்னாள். ஹஸ்மிக் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

“போடு. கேட்க வேண்டும்.”

கார் ஜன்னல்கள் மூடியிருந்தன. நான்கு நிமிடமும் அவள் கண்ணை மூடவில்லை. மிருணாளினி அழுகையை எதிர்பார்த்தாள், கோபத்தை எதிர்பார்த்தாள். மூன்றாவது நிமிடத்தில் ஹஸ்மிக்கின் நெற்றி சுருங்கியது. பாட்டு முடிந்ததும், “அந்த இடத்தை மறுபடி போடு” என்றாள். மறுபடி கேட்டாள்.

“என் சுரம் எங்கே?”

மிருணாளினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பி அவளைப் பார்த்துச் சொன்னாள். “கிட்டாரோடு சேரவில்லை. கொஞ்சம் உயர்த்தினேன்.”

“நீ கிட்டாரை இறக்கியிருக்கலாம்.”

“ஓம்” என்றாள் மிருணாளினி, தமிழிலேயே.

“தீக்ரான் அடியில் பிடித்துக்கொண்டிருப்பான். நான் அந்த இடத்துக்கு இறங்கி வரும்போது அவனும் கொஞ்சம் இறங்குவான். எப்போதும். எனக்காக. நான் தனியாக வாசிக்கும்போதும் அங்கேதான் இறங்குகிறேன்.” ஹஸ்மிக் கதவைத் திறந்தாள். “நீ எடுத்துக்கொண்டது பெரிய பிழைதான். ஆனால் எடுத்ததைத் திருத்தவும் செய்திருக்கிறாய்.”

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் மிருணாளினிக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காருக்குள் இருந்தபடியே அவள் பாட்டை அழித்தாள். அன்று பின்னேரம் பிரதி எடுத்துப் போட்டிருந்த ஒன்பது பக்கங்களுக்கும் எழுதினாள். ஆறு பேர் எடுத்துவிட்டார்கள். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஹஸ்மிக் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். செய்திகள் போய்ச் சேர்ந்தன, பதில் வரவில்லை. சனிக்கிழமை வந்து போனது. நிகழ்ச்சியை ரத்துச் செய்வதா என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் விஷாலினி கேட்டபோது, “நான் வாறன். அவ வாறது தெரியாது” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு மண்டபத்தில் பெடல்களைப் பரப்பி, வயர்களைக் கொழுவினாள். இரண்டரையாயிற்று. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஹஸ்மிக் பக்கக் கதவால் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

“நாலு உருப்படி. வேறு ஒன்றும் இல்லை” என்றாள்.

“சரி.”

“எங்கேயாவது பதிவாகிறதா?”

“இல்லை. கேட்டு உறுதி செய்துவிட்டேன்.”

முதல் மூன்றும் பழகியபடி போயின. மிருணாளினிக்கு வியர்வையில் விரல் வழுக்கியது. ஆனால் பிழை வரவில்லை. நாலாவதன் நடுவில், ஒத்திகைகளில் ஒருபோதும் செய்யாத ஒன்றை ஹஸ்மிக் செய்தாள். இறங்கி வரும் இடத்தில், அந்தச் சுரத்தை இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். கிட்டாரின் சுரமும் அதுவும் உரசி, மண்டபம் முழுவதும் ஒரு கரகரப்பாக அதிர்ந்தன. முன்வரிசையில் ஒருவர் தலையைச் சாய்த்தார். ஹஸ்மிக் மூச்சை விடவில்லை. அங்கேயே நின்றாள்.

மிருணாளினி பெடலைக் காலால் அடித்து, அடுக்கியிருந்த ஒலிகள் எல்லாவற்றையும் துண்டித்தாள். ஒற்றைத் தந்தி மட்டும் மிஞ்சியது. இடது கையால் தந்தியின் முறுக்காணியைப் பிடித்து, மிக மெதுவாகத் தளர்த்தினாள். அளவு தெரியவில்லை, கொஞ்சம் கூடினாலும் எல்லாம் குலைந்துவிடும். அதிர்வு தடித்தது, பிறகு மெலிந்தது, பிறகு இல்லாமல் போனது. இரண்டும் ஒரே ஒலியாக நின்றன. ஹஸ்மிக் அதன் மேலிருந்து மறுபடி ஏறிப் போனாள்.

கைதட்டல் அடங்கியபிறகு, இருவரும் வயர்களைச் சுருட்டினார்கள்.

“இறக்கினாய்” என்றாள் ஹஸ்மிக்.

“ஓம்.”

“இன்னும் ஒரு மயிரிழை இறக்கியிருக்கலாம்.” டுடுக்கைத் துணியில் சுற்றினாள். “இனி உன் வீட்டில் வேண்டாம். என் வீட்டுக்கு வா. கிட்டார் மட்டும். ரெக்கோடர் வேண்டாம்.”

இரண்டு வாரம் கழித்து மிருணாளினி ரைட் புறநகரில் இருக்கும் ஹஸ்மிக்கின் வீட்டுக்குப் போனாள். பழைய சிரிப்பு இல்லை. தேநீர் மட்டும் வந்தது. தந்திக்குச் சுருதி கூட்டுவதற்கு முன், வழியெல்லாம் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள். “அந்த மூன்று பக்கங்களில் ஒன்று எடுத்துவிட்டது. இரண்டு இன்னும் இருக்கின்றன. நான் ஒவ்வொரு கிழமையும் எழுதுகிறேன்.”

ஹஸ்மிக் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள். அதை எடுத்தாள்.

“எழுது. ஆனால் எனக்குச் சொல்லாதே. அது உன்னிடமே இருக்கட்டும்.”

மிருணாளினி தலையாட்டினாள். கிட்டாரை மடியில் வைத்து, முதல் தந்தியை மீட்டினாள். ஹஸ்மிக் கேட்டுப் பார்த்துவிட்டு, விரலால் கீழே என்று காட்டினாள். மிருணாளினி முறுக்காணியைத் தளர்த்தினாள்.