தரையோடு தரையாக

கொத்தாம்பட்டு புதுச்சேரி மாநிலம்தான். ஆனால் நாலு பக்கமும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்த லட்சணம் அப்படி! ஒரு தீப்பெட்டி வாங்குவதென்றாலும் அடுத்த மாநிலத்தை மிதித்துத்தான் ஆகவேண்டும்.

ஊர்க் கால்பந்து மைதானமும் அந்த எல்லையிலேயே முடிந்தது. அப்பால் தணிகாசலத்தின் கரும்புக் கொல்லை. பந்து அதில் விழுந்தால் போனது போனதுதான். "உங்க போலீஸ்ல போய்ச் சொல்லு, இங்க வந்து புடிக்கட்டும்" என்பார் மனுஷன். அதனால் அந்த ஊரில் பந்தை உயரத் தூக்கி அடித்தவனுக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. அப்பன் காலத்திலிருந்தே அதுதான் சட்டம்.

அணிக்குக் கேப்டன் அம்மாவாசை, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறவன். பாண்டி டவுனில் நடக்கும் உப்பளம் கால்பந்துப் போட்டியில் சேர்க்கச் சொல்லி ஆறு வருஷம் மனு கொடுத்தான். "விழுப்புரம் பக்கம் போய்க் கேளுப்பா" என்பார் போட்டிச் செயலாளர் சாமிக்கண்ணு. விழுப்புரத்திலோ, "நீங்க பாண்டிக்காரங்களாச்சே!" 2007இல் ஓர் அணி விலகியதால் இடம் கிடைத்தது. "இன்னைக்குத் தோத்தீங்கன்னா இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்று ஆட்டத்தன்று சாமிக்கண்ணு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எதிரணி டவுன் பையன்கள். பந்தை வானத்துக்கு அனுப்பி, சொன்ன இடத்தில் இறக்குவார்கள். முதல் பாதியில் அப்படித்தான் ஒரு கோல் விழுந்தது.

பிறகு கடல்காற்று எழும்பியது, அடேயப்பா! அவர்கள் தூக்கி அடித்ததெல்லாம் காற்றோடு போய் வெளியே விழுந்தது. கொத்தாம்பட்டுக்காரன் பந்தோ தரையை விட்டால்தானே காற்றுக்கு அகப்படும்? கால் மாற்றிக் கால் மாற்றிக் கொண்டுபோய் அம்மாவாசையின் கூட்டாளி ராஜா ஒரு கோல் போட்டான். ஆட்டம் சமம்.

கடைசி நிமிஷம் பந்து அம்மாவாசையிடம் வந்தது. எதிரணி கோல்கீப்பர் முன்னே பாய்ந்து வந்துவிட்டான்.

"தூக்குடா! தலைக்கு மேல தூக்கு!" என்று மைதானமே கத்தியது. கோல்கீப்பரும் அதை நம்பிக் கையை உயர்த்தி எம்பினான். தூக்கத் தெரிந்தால்தானே தூக்குவான் அம்மாவாசை? மெதுவாக உருட்டினான். எம்பியவன் காலுக்கடியில் புகுந்து பந்து வலையில் போய் நின்றது.

விசில் ஊதியதும் அம்மாவாசை வெட்கப்படாமல் அழுதான். சாமிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போப்பா."

"ஆறு வருஷம் நான் எழுதிட்டேன் சார்" என்றான் அம்மாவாசை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே நீங்க எழுதிக் கூப்புடுங்க, வரோம்."