பனிக்குள் அசைந்த கை

ஏரியின் நடுவில் நாய் குரைக்கிற சத்தம் கேட்டதும் படகுக்காரி இன்ஜினை அணைத்தாள். காகித ஆலைக்குப் போகிற காலை ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டு, வெறும் படகோடு திரும்பிக்கொண்டிருந்தாள். மூடுபனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. இப்படிப்பட்ட காலைகளில் படகு தண்ணீரில் போகிறதா, தன் தூக்கத்துக்குள் போகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வரும். கரை, மரம், ஆலையின் புகைக்கூண்டு எல்லாம் யாரோ சொல்லிக் கேட்ட விஷயங்கள் போல ஆகிவிடும். ஆனால் இந்தக் குரைப்பு கனவு இல்லை.

மழைக்காலத்துக்கு முன்பு இதே போன்றதொரு காலையில் புருஷன் படகை ஓட்ட, அவள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிரே படகு வந்தால் வேகத்தைக் குறைப்பதும், கடக்கும்போது கையைத் தூக்குவதும் அந்த ஏரியில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்துவந்த காரியங்கள். வேகப்படகுகள் பெருகிய பிறகு அதெல்லாம் தேய்ந்துபோயிற்று. அன்றைக்கு வந்த வெள்ளைப் படகும் குறைக்கவில்லை. அது கிளப்பிவிட்ட அலை இவர்களைத் தூக்கி, தண்ணீருக்குள் நட்டிருந்த வழிகாட்டிக் கம்பத்தின் மேல் அடித்தது. படகு மோதாமல் இருக்கப் புருஷன் வலக்கையைக் குறுக்கே கொடுத்தான். கம்பத்துக்கும் படகுக்கும் நடுவில் அவன் மணிக்கட்டு நொறுங்கியது. மஞ்சள் கோட்டு போட்டிருந்த அவள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். வெள்ளைப் படகு பனிக்குள் போய்விட்டது. அதன் மூக்கில் நின்ற பழுப்பு நாய் மட்டும் கடைசிவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

படகுத்துறை அலுவலகத்தில் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நம்பர் என்னம்மா?" என்று கேட்டார்.

"நம்பர் தெரியல சார். நாய் இருந்துச்சு."

"நாய்க்கு நாங்க நம்பர் குடுக்கறதில்லையேம்மா," என்று சொல்லிப் பேனாவை மூடினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதிலிருந்து அவள் கண் படகுகளின் விலாவிலேயே கிடந்தது. இரண்டு பக்கமும் தெளிவாக எழுதியிருக்க வேண்டிய எண், சிலவற்றில் டயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சிலவற்றில் வெயிலில் வெளுத்திருந்தது. தினமும் அவள் படகில் வருகிற நர்ஸ், "என் வீட்டுக்காரர் மூஞ்சியைக்கூட நான் இப்படி உத்துப் பார்த்ததில்லக்கா," என்று சிரிப்பாள். புருஷனோ, மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, "விடும்மா, ஏரி பெருசு," என்பான். படகுதான் அவன் பேச்சு, அவன் சாப்பாடு, அவன் தூக்கம். இப்போது ஏரிக்கரையில் இருக்கிற வீட்டின் படியில் உட்கார்ந்து, அவள் வருகிற சத்தத்தைக் காதால் அளந்துகொண்டிருக்கிறான்.

குரைப்பு வந்த திசையில் துடுப்புப் போட்டாள். பனி விலகி வெள்ளையாக ஒன்று முளைத்தது. மூக்கில் அதே பழுப்பு நாய். வீட்டுச் செருப்போடு ஒரு பெரியவர், இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா, நின்னியேம்மா! தொண்டை கிழியக் கத்தறேன். ரெண்டு படகு பக்கத்துலயே போச்சு. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. என்ன மனுஷங்கம்மா இவங்க?"

அவள் படகின் விலாவைப் பார்த்தாள். புதுப் பெயின்ட் பளபளத்தது. எழுத்தே இல்லை.

"நம்பர் எங்கங்க?"

"பெயின்ட் அடிச்சப்போ மறைஞ்சு போச்சு. எழுதணும், எழுதணும்னு நாள் ஓடிருச்சு."

கயிற்றுச் சுருளை எடுத்தவள் வீசாமல் கையிலேயே வைத்திருந்தாள். இவரிடம் கேட்க வேண்டியதை இத்தனை நாள் அடுப்படியிலும் படுக்கையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"மழைக்கு முன்னாடி ஒரு நாள்," என்றாள். "அந்தக் கம்பத்துகிட்ட. நான் எழுந்து நின்னு கையை ஆட்டினேன்."

பெரியவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "மஞ்சக் கோட்டு! நீதானாம்மா அது? இந்த ஏரியில இன்னும் கை காட்டற ஆளு இருக்காங்களேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் காட்டினேனே! வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்டகூடச் சொன்னேன்."

பனிக்குள் ஒரு கை உயர்ந்து மெல்ல அசைந்ததை அவளும் பார்த்திருந்தாள். கனவில் கண்டதை நிஜத்தோடு குழப்பிக்கொள்கிறேன் என்று நினைத்து யாரிடமும் சொன்னதில்லை.

"என் வீட்டுக்காரர் கை நசுங்கிப் போச்சுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இரண்டு படகுகளையும் மாறி மாறித் தட்டியது.

"கயிறைப் பிடிங்க," என்றாள் கடைசியில்.

"ஆபீசுக்கா கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார். குரலில் எதிர்ப்பு இல்லை. "போலாம்மா. நானே சொல்றேன்."

அவள் வெள்ளைப் படகைத் தன் படகுக்குப் பின்னால் கட்டி இன்ஜினைக் கிளப்பினாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இடப்பக்கம் அலுவலகத்து விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வலப்பக்கம் தனித்தனித் துறைகளோடு பெரிய வீடுகள் இருந்தன. சுக்கானை எந்தப் பக்கமும் திருப்பாமல் நேரே பிடித்தாள். பின்னால் வருகிற கனத்தில் இன்ஜின் முனகியது.

"என்னம்மா, சத்தம் வேற மாதிரி இருக்கு?" பனிக்குள்ளிருந்து புருஷனின் குரல் முதலில் வந்தது. பிறகு படி தெரிந்தது. பிறகு, இடக்கையில் டீ கிளாஸோடு அவன். "யாரு பின்னால?"

"அவர்கிட்டயே கேட்டுக்கோங்க," என்றாள்.

பெரியவர் எழுந்து நின்றார். வணக்கம் சொல்லப் போவதுபோல் உயர்ந்த கை, சூடு பட்டதுபோலப் பாதியில் இறங்கியது. புருஷன் நாயைப் பார்த்தான். வெள்ளைப் படகைப் பார்த்தான். அவள் இன்ஜினை அணைத்தாள். இழுபட்டு வந்த வேகத்தில் வெள்ளைப் படகு தானாகவே கல்படியை நோக்கி நகர்ந்தது. யாராவது பிடிக்காவிட்டால் மோதிவிடும்.

பெரியவர் தன் படகின் கட்டுக்கயிற்றை எடுத்தார். வீசலாமா என்பதுபோல் புருஷனைப் பார்த்தார்.

புருஷன் டீ கிளாஸைப் படியில் வைத்தான். முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். அவன் இடக்கை முன்னால் நீண்டது. கயிறு பெரியவரின் கையை விட்டுக் கிளம்பி, பனிக்குள் ஒவ்வொரு வளையமாக அவிழ்ந்துகொண்டே வந்தது.