மறுத்ததாக ஒரு வரி

18 செப்டம்பர் 2024, புதன்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான் என்று மாலை வரை நினைத்திருந்தேன்.

மயிலாடிக்குப் பக்கத்தில் முத்துக்கனி அக்காவின் பசுவுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாகத் தடித்திருப்பதாகத் தகவல் வந்தது. புண்ணில் காய்ந்த பொருக்கு கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துவர, நான் உதவியாளராக இருக்கும் கால்நடை ஆய்வு மையத்தின் டாக்டர் ரீத்தா என்னை அனுப்பினார். தொழுவத்து வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால், தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. அந்தப் பழக்கம் என் காலைப் பிடித்துக்கொண்டது. வெளியே நின்று "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பிவிட்டேன்.

மையத்தின் தலைவர் வைகுண்டராஜன் சார் கேட்டபோது, "வேப்பிலை கட்டியிருக்காங்க சார், உள்ள போக முடியல" என்றேன். அவர் முகம் தெளிந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் புள்ளியியல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த முகம் நினைவுக்கு வந்து உறுத்தியது.

19 செப்டம்பர், வியாழன்

காலையில் தலைவர் எழுதி மேலே அனுப்பிய மாத அறிக்கையின் நகல் எங்களுக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது: "மூடநம்பிக்கை காரணமாக, மாட்டின் உரிமையாளர் மாதிரி தர மறுத்தார். நோய் உறுதி செய்யப்படவில்லை." உறுதியாகாவிட்டால் அந்த ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி வராது.

டாக்டர் ரீத்தா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு மக்கா மறுத்தா?"

"யாரும் மறுக்கல மேடம். நான் கேக்கவே இல்ல."

"கேக்காமலே மறுத்துட்டாளா? நல்ல கூத்து!"

அவர் இருபது வருடத்துக்கு மேலாக அம்மை வைரஸ்களை ஆராய்கிறவர். ஆட்டம்மையில் தொடங்கினார். பால் கறக்கிறவர்களின் கையில் கொப்புளமாக ஏறும் எருமை அம்மை அதன் பிறகு. இப்போது மாடுகளின் தோல் கழலை நோய். மனிதருக்கு வரும் பெரியம்மைதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அம்மை ஆராய்ச்சி என்று கேட்டு அவருடைய திட்டங்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நானோ ஒரு வாசலைத் தாண்டவில்லை.

தலைவர் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

"இந்தச் சனங்களப் பத்தித் தெரியாதா டாக்டர்? அம்மன்னு கும்பிட்டுட்டு இருக்கும். நாம என்ன செய்ய?"

"வேப்பிலை கட்டுன வீட்லதான் சார் எனக்கு முக்காவாசி பொருக்கு கிடைச்சிருக்கு. கேட்டா தருவாங்க."

"இந்த மாசம் நம்ம பகுதியில நோய் இல்லைன்னு மேல சொல்லியாச்சு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

காரணம் அதுதான். அதற்கு என் தயக்கம் கையில் கிடைத்த சாக்கு. எனக்கு வந்த கோபம் அவர் மேலா, என் மேலேயா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மதியம் இருவரும் முத்துக்கனி அக்கா வீட்டுக்குப் போனோம்.

"ஏட்டி, நேத்து வாசல்ல நின்னது நீயா? புல்லறுத்த கைய கழுவிட்டு வரதுக்குள்ள ஆளக் காணோம். பாலிசி பிடிக்க வந்த பிள்ளையாக்கும்னு விட்டுட்டேன்."

"வேப்பிலை இருந்துது அக்கா. அதான்..."

"அது அம்மனுக்குக் கட்டுனது. அதுக்காக டாக்டர விரட்டவா செய்வேன்? மாட்டுக்கு மருந்து செய்யண்டாம்னு அம்மன் சொன்னாளா?"

அறிக்கையில் இருந்ததை டாக்டர் மறைக்காமல் சொன்னார். அக்காவின் முகம் சிவந்தது.

"நான் தரமாட்டேன்னு சொன்னேனா? எவன் அப்பிடி எழுதுனது? என் தொழுவத்து வாசல மிதிச்சிருக்கானா அவன்?"

கோபத்தோடு அவரே பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். வாய் மட்டும் அதனிடம், "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்றது. கழுத்தடியில் தளர்ந்திருந்த பொருக்குகளை டாக்டர் இடுக்கியால் எடுத்தார். நான் குழாயை நீட்டினேன். கிளம்பும்போது அடுத்த வீட்டு ராஜையன் அண்ணன் வேலி ஓரமாக வந்து, தன் கன்று காலையிலிருந்து பால் குடிக்கவில்லை என்றார். தொட்டுப் பார்த்தோம், காய்ச்சல் கொதித்தது.

மையத்துக்குத் திரும்பியதும், பொருக்கை மேல் ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தை நீட்டினோம்; தலைவர் கையெழுத்துப் போடவில்லை. "அறிக்கை போயாச்சு. அடுத்த மாசம் பாப்போம்." அடுத்த மாதம் அந்தத் தெருவில் எத்தனை தொழுவம் காலியாகும் என்று டாக்டர் கேட்டார். அதற்கு அவர், அடுத்த மாதம்தான் உங்கள் திட்ட நீட்டிப்பும் என் மேசைக்கு வருகிறது என்று நினைவூட்டினார். டாக்டர் வெளியே வந்து தன் பெயரிலேயே கையெழுத்திட்டார். நானும் ஒரு தாளில், உரிமையாளர் மறுக்கவில்லை, நான் கேட்காமல் திரும்பினேன் என்று எழுதிக் கடிதத்தோடு இணைத்தேன். என் வேலை போகலாம். போகட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

நாளை முதல் பஸ்ஸில் போய், மேல் ஆய்வகத்தில் பொருக்கையும் கடிதத்தையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும்.