காற்றா, தண்ணீரா

படிவத்தில் அக்காவின் பெயரை எழுதி முடித்த மருத்துவமனை எழுத்தர், இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்று தம்பியிடம் கேட்டார்.

"பாறை ஆராய்ச்சி. செவ்வாயில."

"செவ்வாய்க்கிழமை மட்டுமா?"

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். கிரகம் என்றான் தம்பி. எழுத்தர் 'ஆசிரியை' என்று எழுதிக்கொண்டார். அவன் திருத்தவில்லை.

அவனுக்கும் அதே வேலைதான். அதில் இழுத்துவிட்டவளே அக்காதான். அந்தக் கிரகத்தின் ஒரு பள்ளத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும் படிவுப்பாறை எப்படி உண்டானது என்பதில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் என்பாள் அவள். காற்று குவித்தது என்பான் இவன். சாப்பாட்டு மேசையோடு நின்றவரை அது விளையாட்டு. போன வருஷம் அவளுடைய கட்டுரை, பெயர் மறைக்கப்பட்டு, மதிப்பீட்டுக்கு இவனிடமே வந்தது. முதல் பத்தியிலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. சொந்த அக்கா என்று சொல்லித் திருப்பியிருக்க வேண்டும். 'கட்டுரையாளர் காண விரும்பியதையே கண்டிருக்கிறார்' என்று எழுதி நிராகரித்தான். மதிப்பிட்டவர் பெயரும் வெளியே தெரியாது.

நாலு நாள் முன்பு அந்தப் பள்ளத்திலிருந்து புதிய படங்கள் வந்தன. பாறைக்குள் பதிந்த கூழாங்கற்கள்; உருண்டு மழுங்கி, கோலிக்குண்டுப் பருமனில். எந்தக் காற்றும் தூக்க முடியாத கனம். அக்கா சொன்னதுதான் சரி. மருத்துவமனையில் கிடப்பவளுக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டான். இன்று சனிக்கிழமை. மத்தியானமே அவள் போய்விட்டாள்.

நடைவழி பெஞ்சில் மச்சான் அவளுடைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பற்றிச் சொன்னான். பிறகு அந்த மதிப்பீட்டைப் பற்றியும்.

மச்சான் பையின் வாயை முடிந்தார்.

"அவளுக்குத் தெரியும் மாப்ளே. அது வந்த அன்னைக்கே சொல்லிட்டா, இவ்வளவு மரியாதையாத் திட்ட அவனாலதான் முடியும்னு."

"கோவப்பட்டாளா?"

"ரெண்டு நாள் சரியா சாப்பிடல. உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. அவனா வந்து சொல்லட்டும்னா. ஒவ்வொரு ஞாயிறும் நீ கிளம்பினப்புறம், 'ஏதாச்சும் சொன்னானா'ன்னு கேப்பா."

வண்டி வந்துவிட்டது, ஒரு கை பிடிக்க வேண்டும் என்று ஊழியர் வந்து கூப்பிட்டார். தம்பி எழுந்து போய்க் கால்மாட்டில் நின்றான். கட்டைவிரலில் கட்டியிருந்த அட்டை, பெயர் எழுதிய பக்கம் அடியில் போய் மடங்கியிருந்தது. அதை விரலால் மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, தூக்கினான்.