பெற்ற வயிறு

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜெராக்ஸ்காரம்மாவின் வயிறு எரிய ஆரம்பித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. மடியில் அணைத்துப் பிடித்திருந்த தண்ணீர்ச் செம்பு கொதித்து, மூடி துள்ளி விழுந்தது. மூன்றாம் நாள் புடவையில் அந்த இடம் மட்டும் பழுப்பேறிவிட்டது. டாக்டர் நாக்குக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சூடு எல்லோருக்கும் போலத்தான் இருந்தது. தொப்புளுக்கு மேலே வைத்ததும் அது வெடித்தது. அவர் கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு, காரத்தைக் குறைக்கச் சொல்லி, இரண்டு வேளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கோர்ட்டுக்கு எதிரே பதினாறு வருஷமாகக் கடை வைத்து ஊரார் மார்க் ஷீட்டுகளுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவள் அவள். எரிச்சல் வந்த பிறகு கடைக்கு ஒரு சௌகரியமும் வந்தது. கரன்ட் போன நேரங்களில் லேமினேஷன் உறையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து இருபது எண்ணினால் போதும், சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டது. மெஷினைவிட இது சுத்தமாக இருக்கிறது என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொன்னார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரி காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். "ஒரே பொண்ணு இல்லையாக்கா. பிரிஞ்சு இருக்கணும்னா சும்மாவா? பெத்த வயிறு, எரியத்தான் செய்யும்." ஜெராக்ஸ்காரம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷனும் அதையே நம்பி, தன் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். பதினெட்டு வயதில் அவளுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. அவள் அப்பா படித்துப் பார்த்து, யோசிக்கலாம் என்று சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டை சலவைக்குப் போனது. வெள்ளை உருண்டையாகத் திரும்பி வந்த காகிதத்தைப் பற்றி யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம், அதற்கடுத்த வருஷம் மகள், அப்புறம் கடை. அதற்காக ஒரு நாள்கூட அழுததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மகள் கத்திக்கொண்டே ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, 'இவளுக்கு மட்டும் ஏன்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. குரல் அவளுடையதுதான்.

கடிதத்தோடு ஒரு அழைப்பும் இருந்தது. நேரில் வந்து சுற்றிப் பாருங்கள், பிடித்திருந்தால் சேருங்கள், பதினைந்து நாளுக்குள் முடிவைச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இன்னொரு கல்லூரியிலும் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவள் படிக்க ஆசைப்பட்டது பாறைகளைப் பற்றி. அதற்கு ஆறு மணி நேரம் ரயிலில் போக வேண்டும். மெக்கானிக்குக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். ரயிலில் ஜன்னலோர இடத்தை மகள் விட்டுக் கொடுத்தாள், காற்றுப் பட்டால் அம்மாவுக்குத் தணியும் என்று.

மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி, கழுத்தில் அட்டை தொங்க, பின்பக்கமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். பாறைக் கூடத்தில் அலமாரி அலமாரியாக இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய கற்கள். மகள் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் அம்மா நிற்பதையே மறந்துபோனாள். நரைத்த தலை ஆசிரியர் ஒருவர் அருகில் வந்து, "இது எப்படி உருவாகியிருக்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். பதினெட்டு வயதுப் பெண்ணை 'நீங்க' என்றார். மகள் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே சொல்லுங்கள் என்றார். ஜெராக்ஸ்காரம்மா சாய்ந்து நின்ற மேஜையின் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஆசிரியர் திரும்பிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அங்க ஸ்பிரிட் வெச்சிருக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவள் குறை சொல்ல ஆரம்பித்தாள். குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது. விடுதி ஜன்னல் தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. நூலகத்துக்கு இத்தனை படி ஏறினால் முட்டி என்னத்துக்கு ஆகும்? எல்லாம் உண்மைதான், அதனால் எளிதாகச் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு அறைக்கும் மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. மதியம் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்ததும் மகள் சொன்னாள்:

"எனக்கு வேணாம்மா. பக்கத்துக் காலேஜுலயே சேர்ந்துக்கறேன். என்னைப் பிரிஞ்சு நீ இப்படி எரிஞ்சுக்கிட்டே இருந்தா, நான் அங்க உக்காந்து என்னத்தைப் படிக்கிறது?"

அந்த நொடியில் ஜெராக்ஸ்காரம்மாவின் வயிறு குளிர்ந்தது. மண்பானைத் தண்ணீரைக் குடித்த மாதிரி சில்லென்று இறங்கியது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவளால் முழு மூச்சு விட முடிந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், பெற்ற வயிறு குளிர்ந்திருக்கிறது. தன் அப்பாவுக்கும் சட்டையைச் சலவைக்குப் போட்ட அன்று இப்படித்தான் குளிர்ந்திருக்குமோ என்று நினைத்தாள்.

"பிரிவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொறாமைடி."

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யார் மேல?"

மகள் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ஜன்னல்?" என்றாள்.

"நல்ல ஜன்னல்தான். அங்கேருந்து மலை தெரியுது. நான் பார்த்தேன், உன்கிட்ட சொல்லல."

மகள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் தனியாகவே அலுவலகத்துக்குப் போய், கல்லூரியில் சேருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவள் வெளியே வருவதற்குள் வயிறு பழையபடி பற்றிக்கொண்டது. ஜெராக்ஸ்காரம்மா ஒரு கையால் முந்தானையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் ரயிலில் மகள் ஆறு மணி நேரமும் பேசவில்லை. விடுதிக்குப் போன பிறகும் மூன்று மாதம் அப்பாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள். நான்காம் மாதம் அம்மாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க, அவள் ஒட்டி நின்ற கடைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. "போதுமாம்மா?" என்று மகள் கேட்டாள். இன்னும் சொல்லு என்றாள் ஜெராக்ஸ்காரம்மா. அப்படியே நான்கு வருஷம் ஓடியது. எரிச்சல் ஒரு நாளும் தணியவில்லை. தேர்வு முடிவு வரும் வாரங்களில் மட்டும் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு மெக்கானிக்கும் அவளும் போனார்கள். மகள் மேடை ஏறியதும் அவள் மடியிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. கைதட்டிக்கொண்டே குனிந்து மறைக்கப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள்: முன் வரிசையில் இரண்டு இடத்தில் ஆவி தெரிந்தது, அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஒரு அப்பாவின் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலும். பக்கத்தில் இருந்த அம்மாள், பட்டுப்புடவைக்குள் மடித்து வைத்திருந்த ஈரத்துணியைச் சரிசெய்தபடி, "எனக்குப் பையன்" என்றாள். நாற்காலிகளுக்குப் பொறுப்பான பணியாளர் வரிசை ஓரமாக வந்து எல்லா மின்விசிறிகளையும் போட்டுவிட்டார். பெற்றோர் வரிசைக்கு எப்போதும் இரும்பு நாற்காலிதான் போடுவோம், பிளாஸ்டிக் தாங்குவதில்லை என்று மெக்கானிக்கிடம் சொன்னார்.