இருபது சைகோன் வெள்ளி

சென்னீர்குப்பத்தில் கெங்கம்மாளுக்குப் பேச்சுத்துணை என்றால் மாதம் ஒருமுறை வரும் தபால்காரர் துலுக்கானம் ஒருவர்தான். புருஷன் எத்திராஜ் சைகோனில் ஓர் அரிசி ஆலைக்குக் காவல்காரன். கப்பலேறி ஏழு வருஷம் ஆகிறது. கடிதம் எழுதுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. அங்கே அவன் கட்டுகிற சைகோன் வெள்ளிக்காசைப் புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் ரூபாயாக மாற்றி மணியார்டர் செய்வார். அந்த ரூபாய்தான் அவளுக்குக் கடுதாசி.

முதலில் இருபத்தொரு ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் திடீரென்று முப்பதாயிற்று, போகப் போக முப்பத்தைந்து. மனுஷன் ராப்பகலாக உழைக்கிறான், என்னை நினைத்துத்தான் உழைக்கிறான் என்று உருகிப்போனாள். அக்கம்பக்கத்தில் யார் ஜாடை பேசினாலும், அந்த முப்பத்தைந்தை நினைத்துக்கொண்டு ஒண்டியாகச் சோறு தின்று படுத்தாள். அடி பைத்தியக்காரி, ரூபாய் பேசுமா? அவளுக்குப் பேசிற்று.

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் இருபத்தைந்துதான் வந்தது. மிச்சம் பத்து ரூபாய் எங்கே? அங்கே எவளோ வந்துவிட்டாள், வேறென்ன! கைநாட்டு வைக்கமாட்டேன், வந்த வழியே திருப்பி அனுப்பு என்றாள். துலுக்கானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே? தை மாசம்வரை வந்ததையெல்லாம் திருப்பிவிட்டு, பூந்தோட்டக் கூலியில் கஞ்சி குடித்தாள்.

மாசியில் எத்திராஜின் முதல் கடிதம் வந்தது. துலுக்கானம் வாசலில் நின்றே படித்தார். பணத்தை ஏன் திருப்புகிறாய், வந்த நாள் முதல் மாதம் இருபது வெள்ளி அனுப்புகிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. பிரெஞ்சுக்காரன் தன் காசின் மதிப்பை இறக்கிவிட்டான், அதோடு கட்டின இந்த வெள்ளியும் இறங்கிவிட்டது, அதனால்தான் உனக்கு ரூபாய் குறைகிறது என்று எழுதியிருந்தான்.

கெங்கம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தாள். பிறகு, "அப்ப முப்பத்தஞ்சு வந்துகினு இருந்துச்சே, அது இன்னாண்ணே?" என்றாள்.

"அது இங்கிலீஷ்காரன் காசு எறங்கின நேரம்மா. நம்ம ரூபா அவன் காசோட கட்டினதாச்சே, அதுவும் கூடவே எறங்கிச்சு. அதான் அந்த வெள்ளிக்கு ரூபா கூட வந்துச்சு. அவரு போட்டது அப்பவும் அதே இருபதுதான்."

"வேற எதுனா எழுதிகீறாரா?"

துலுக்கானம் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இல்லம்மா. அவ்ளோதான்."

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். எவளும் வரவில்லை, அது நிஜம். ஆனால் வருஷத்துக்கு வருஷம் தன்னை ஒருவன் மேலும் மேலும் நினைக்கிறான் என்று நம்பியிருந்தாளே, அப்படியும் யாரும் நினைத்திருக்கவில்லை.